19 வயதில் பிரசவம்: எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் எப்படி?

என் அக்கா மகள் பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம் ஆனவள், 19 முடிந்து கொஞ்ச நாளில் குழந்தையும் பிறந்துவிட்டது. பார்த்ததெல்லாம் ஊரிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான், பிரசவமும் அங்கேயே. இதே வயதில் பெண் இருக்கும் வீட்டுக்காரர்கள் நம்பிப் போகலாமா என்றால், கட்டாயம் போகலாம்.

நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் கிராம நர்சம்மாவே வீட்டுக்கு வந்து பதிவு போட்டு பிக்மி நம்பர் (கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் பதிவு எண்) கொடுத்துவிட்டார், அது இல்லாவிட்டால் பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். எடை, பிரஷர், ரத்தம் எல்லாம் பார்த்து, குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து சர்க்கரையும் பார்க்கிறார்கள். சின்ன வயதில் உண்டாகிறவர்களுக்கு ரத்தசோகையும் பிரஷரும் வரும் ஆபத்து அதிகம். இவளுக்கு மாத்திரையில் ரத்தம் ஏறவில்லை என்று அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்புச்சத்து மருந்தை ட்ரிப்பில் ஏற்றினார்கள், பைசா செலவில்லை.

பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம், அக்கா இருந்தாள். முதல் நாள் பால் வரவில்லை என்று இவள் அழ ஆரம்பிக்க, ராத்திரி டியூட்டி நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை காம்பை மட்டும் கவ்வக் கூடாது, சுற்றியிருக்கும் கருப்புப் பகுதியும் வாய்க்குள் போகணும் என்று தலையைத் தாங்கிப் பிடித்துக் காட்டினார். “உனக்கு வரும்டா, பயப்படாதே” என்று அவர் சொன்ன பிறகுதான் பெண் தூங்கினாள். அந்த நர்ஸுக்குக் கோடி நன்றி.

ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை வரிசையில் அத்தனை பேர் முன்னால், “இந்த வயசுல என்ன அவசரம்?” என்று இன்னொரு நர்ஸ் கேட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. அவசரப்பட்டது அவளா? அதற்குப் பிறகு அவள் வாயைத் திறந்து ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. அடுத்த குழந்தையைத் தள்ளிப்போட காப்பர் டி போடலாமா என்று மாமியாரிடம்தான் கேட்டார்கள், அவளிடம் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி, சாயா கருத்தடை மாத்திரை எல்லாமே இலவசமாகக் கிடைக்கும், எது வேண்டும் என்று அவளைக் கேட்டிருக்க வேண்டாமா? இன்னும் நர்சிங் படிக்கும் ஆசை அவளுக்கு இருக்கிறது, அடுத்த குழந்தை எப்போது என்பதை வைத்துத்தான் அது நடக்கும்.

கர்ப்பமான பெண் 18 வயதுக்குக் கீழே என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி மருத்துவமனை போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். அதற்குப் பயந்து பெண்ணை வீட்டுக்குள் மறைத்து வைத்து, வலி வந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், அவள் உயிர்தான் முக்கியம்.

அப்புறம், தமிழக அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 பணம், மீதிக்கு நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு எல்லாம் வைத்த பெட்டகம் இரண்டு. 19 வயது நிறைந்திருக்க வேண்டும். பணம் பெண்ணின் பெயரிலுள்ள கணக்குக்குத்தான் வரும், கணக்கு இல்லையென்றால் பதிவு போடும்போதே திறந்து கொடுத்துவிடுங்கள், பாஸ்புக்கும் அவள் கையிலேயே இருக்கட்டும்.