வியன்னாவில் ஒரே பகல்: புரூகலா, கிளிம்ட்டா?

வியன்னாவில் நண்பரோடு ஒரு பகல்தான் கிடைக்கிறது என்றால், எல்லோரும் முதலில் கைகாட்டுவது ஷோன்புரூன் அரண்மனையை. 1,441 அறைகள், 1762-ல் ஆறு வயது மொசார்ட் அரசி மரியா தெரேசா முன்னால் வாசித்த இடம். பெருமையெல்லாம் உண்மைதான். ஆனால் போய்த் திரும்பினாலே பாதி நாள் காலி. காதில் ஒலி வழிகாட்டியை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நடப்பதற்கு நண்பர் எதற்கு? என் கணக்கில் உண்மையான போட்டி இரண்டு ஓவியக்கூடங்களுக்கு இடையில்தான்: மேல் பெல்வெடேர் அரண்மனை ஒன்று, பழைய நகரைச் சுற்றி ஓடும் ரிங் சாலையோரம் இருக்கும் குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் மியூசியம் இன்னொன்று.

பெல்வெடேருக்கு ஆட்களை இழுப்பது வியன்னா ஓவியர் கிளிம்ட்டின் ‘முத்தம்’. 180 செ.மீ. சதுரம், நிஜத் தங்கத் தகடு. கிளிம்ட்டின் அப்பா பொன்னில் செதுக்கு வேலை செய்தவர். அந்தக் கைப்பழக்கம் மகனின் ஓவியத்தில் தெரியும். அச்சில் வெறும் மஞ்சளாகத் தெரிவது, நேரில் நாம் ஓரடி நகர்ந்தாலே வேறு மாதிரி ஒளிரும். அதற்காகவே பார்க்க வேண்டும். ஆனால் படத்துக்கு முன்னால் எப்போதும் கூட்டம், தூக்கிய செல்போன்கள். நின்று இரண்டு வார்த்தை பேச முடியாது. என்னை அங்கே அதிகம் பிடித்து நிறுத்தியது எகோன் ஷீலேயின் ‘குடும்பம்’. 1918-ல் வரைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்பானிஷ் ஃப்ளூ காய்ச்சலில் கர்ப்பிணி மனைவி இறந்தார். மூன்றாம் நாள் ஷீலேயும் போய்விட்டார். வயது 28.

குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் 1891-ல் திறந்தது. ரஃபாயேல், வெர்மீர் எல்லாம் உண்டு. நான் நேராகப் போகச் சொல்வது பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் பீட்டர் புரூகலின் அறைக்கு. அவர் ஓவியங்கள் இத்தனை ஒரே இடத்தில் வேறெங்கும் கிடையாது. இவை இரண்டு பேர் சேர்ந்து பார்ப்பதற்கென்றே வரைந்த மாதிரி இருக்கும். ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ படத்தில் மூன்று பேர், பின்னால் ஒரு பட்டாளம் நாய்கள், கிடைத்ததோ ஒரே ஒரு நரி. இடப்பக்கம் விடுதியின் பெயர்ப்பலகை ஒற்றைக் கொக்கியில் தொங்குகிறது. தூரத்தில் ஒரு வீட்டின் புகைபோக்கி தீப்பிடித்து எரிகிறது. இதை ஒருவர் கண்டுபிடித்து மற்றவருக்குக் காட்ட வேண்டும், அதுதான் சுகம். ‘குடியானவர் திருமணம்’ படத்தில் கழற்றிய கதவுப்பலகை மீது தட்டுகளை அடுக்கிப் பரிமாற வருகிறார்கள். ‘சிறுவர் விளையாட்டுகள்’ (1560) படத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். இடக்கோடியில் இருவர் உட்கார்ந்து எலும்புத் துண்டுகளால் ஆடுவது அச்சு அசல் நம்ம சொட்டாங்கல் மாதிரியே இருக்கும். பச்சைக்குதிரை, கண்ணாமூச்சி, வளையம் உருட்டுவது என்று தேடத் தேட வந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் அந்த அறையிலேயே போனாலும் நஷ்டமில்லை.

அதனால் என் ஓட்டு குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸுக்கே. கிளிம்ட்டைத் தவறவிட்டோமே என்ற குறையும் முழுதாக வராது: மாடிப்படி ஏறும்போது அண்ணாந்து பார்த்தால், தூண்களுக்கு மேலே இருக்கும் சில உருவங்கள் இளவயது கிளிம்ட் வரைந்தவை. பெல்வெடேர் தோட்டத்திலிருந்து தெரியும் நகரக் காட்சியைக்கூட பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் பெல்லோட்டோ வரைந்தபடி இங்கேயே பார்க்கலாம். ஒரு சிக்கல், ஐரோப்பியக் கோடை மாதங்கள் தவிர திங்கட்கிழமை இங்கே விடுமுறை. அன்று மாட்டிக்கொண்டால் யோசிக்காமல் ‘டி’ தடத்து டிராம் ஏறி பெல்வெடேர் போய்விடுங்கள்.

மதியத்துக்கு ஏதாவது ஒரு பழைய காபிக்கடை. ஒரு மெலாஞ்ச் (பால் நுரை போட்ட காபி) சொன்னால் வெள்ளித்தட்டில் தண்ணீர் டம்ளரோடு வரும். எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுப்ப மாட்டார்கள்.

மாலையில் இன்னொரு போட்டி. ஸ்டீபன் தேவாலயம் பக்கம் மொசார்ட் காலத்துப் பொய்முடியும் கோட்டும் போட்டவர்கள் கச்சேரி டிக்கெட் விற்பார்கள். தெரிந்த மெட்டுகளாகக் கோத்து வாசிப்பார்கள், விலை கூடுதல். அதைவிட அரசு ஓப்பரா என்ற இசை நாடக அரங்கில் நின்று பார்ப்பது பல மடங்கு மேல். 1869-ல் திறந்து, 1945-ல் குண்டுவீச்சில் எரிந்து, 1955-ல் பேத்தோவனின் ‘ஃபிடேலியோ’வோடு மீண்டும் திறந்த அரங்கம் அது. நிற்கும் இட டிக்கெட் மலிவு, அன்றன்றைக்கு விற்பார்கள். முன்பெல்லாம் உள்ளே போனதும் கம்பியில் ஒரு துப்பட்டாவோ கைக்குட்டையோ கட்டி இடம் பிடிப்பது அங்கே வழக்கம். முழுசாக நிற்க முடியாவிட்டால் இடைவேளையோடு கிளம்பலாம். ஜூலை, ஆகஸ்டில் ஓப்பரா இல்லை. அப்போது மட்டும் பொய்முடிக்காரரிடம் டிக்கெட் வாங்கலாம்.