பைத்தான் கிளாஸும் ரப்பர் ஷீட்டும்: ஆறு வருட அனுபவம்

குலசேகரத்தில் மாமாவுக்கு ரப்பர் ஷீட் வாங்கும் கடை. ஆறு வருடத்துக்கு முன் அவருடைய பற்று வரவுக் கணக்கை பைத்தான் என்ற நிரலாக்க மொழியில் எழுதிக் கொடுத்தேன். இன்றும் அதுதான் ஓடுகிறது. பைத்தான்மேல் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. ஆனால் ஒரு அட்ரிப்யூட்டை (பெயர் போட்டு ஒட்டிவைத்த மதிப்பை) கேட்டால் அது எங்கே போய்த் தேடும் என்பதில் இரண்டு முறை வசமாக மாட்டினேன்.

ஷீட் கொண்டுவரும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆப்ஜெக்ட், அதாவது அவர் கணக்கை வைக்கும் தனிப் பெட்டி. அவற்றுக்கெல்லாம் பொது அச்சான கிளாஸின் தலையிலேயே ‘வரவு’ என்று காலி லிஸ்ட் (பட்டியல்) ஒன்றை வைத்திருந்தேன். முதல் வாரமே சாயங்காலம் ஒரு பாட்டா வந்தார். “மக்கா, மழையில பால்வெட்டே இல்ல, எனக்கு எப்பிடி முப்பது கிலோ ஏறிச்சு?” ஏறத்தான் செய்யும். கிளாஸுக்கு லிஸ்ட் ஒன்றுதான், எல்லாருடைய ஷீட்டும் அதிலேயே அப்பெண்ட் ஆகி, ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்திருந்தது. கூடுதலாக வந்ததைச் சொல்ல ஆள் வந்தாரே, அது என் அதிர்ஷ்டம்.

செல்ஃப் என்பது அந்த ஆப்ஜெக்ட். செல்ஃப்.வரவு என்றால் முதலில் ஆப்ஜெக்டின் சொந்த டிக்டில் (பெயரும் மதிப்பும் இருக்கும் அகராதியில்) பார்க்கும். இல்லையென்றால் கிளாஸ், அப்புறம் தாய் கிளாஸ்கள். (கேட்டதும் ஒரு ஃபங்ஷனை ஓட்டிப் பதில் தரும் பிராப்பர்ட்டி போன்றவை மட்டும் வரிசையை மீறி முன்னால் வந்து நிற்கும்.) படிக்கும்போதுதான் இந்த ஏற்றம். சமக்குறி போட்டு எழுதினால் நேரே ஆப்ஜெக்டில் விழும். அப்பெண்டில் சமக்குறி இல்லை, கையில் கிடைத்த லிஸ்டையே மாற்றிவிடும்.

ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் இனிட்டுக்குள் லிஸ்டைக் கொண்டுபோனதும், ஆளுக்கொரு லிஸ்ட் ஆகி அது தீர்ந்தது. அடுத்து விலை. கிளாஸில் கிலோ 130. வாடிக்கைக்காரர் ஒருவருக்கு 2 ரூபாய் கூட்டச் சொன்னார் மாமா. செல்ஃப்.விலை += 2 என்று போட்டேன். கிளாஸிலிருந்து 130ஐப் படித்து, 132ஐ அவருடைய ஆப்ஜெக்டில் எழுதிக்கொண்டது. சரியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். பிறகு மார்க்கெட் ஏறி, கிளாஸில் 140 ஆக்கினேன். எல்லாருக்கும் 140, சலுகைக்காரருக்கு மட்டும் அதே 132! ஆப்ஜெக்டைக் கோப்பில் எழுதிவைக்கும் பிக்கிளில் சேமிக்கும்போதும் ஆப்ஜெக்டின் சொந்த டிக்ட்தானே போகிறது, அதனால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டும் 132 போகவில்லை. டெல் கட்டளை போட்டு அதை அழித்த உடனே பின்னாலிருந்த 140 தெரிந்தது.

2018இல் பைத்தான் 3.7 பதிப்போடு வந்த டேட்டாகிளாஸ் இனிட்டைத் தானே எழுதித் தரும்; அதில் ஒரு ஃபீல்டுக்குக் காலி லிஸ்டை நேரே ஆரம்ப மதிப்பாக வைத்தால் வேல்யூஎரர் என்ற பிழை காட்டி நிறுத்திவிடும். பாட்டா கதை அதில் நடக்காது. விலையை ஃபீல்டாக இல்லாமல் கிளாஸிலேயே வைத்தால் விலைக் கதை அதிலும் நடக்கும். அதனால் ‘சலுகை’யைத் தனி அட்ரிப்யூட்டாக வைத்து, பில் போடும்போது விலையோடு கூட்டிக்கொள்கிறேன்.