மலைப் பள்ளி ஹவுஸா, நாமக்கல் ஹாஸ்டலா, தண்டையார்பேட்டை வீடா?

அக்கா மகன் வருகிற ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போகிறான். அவனை ஹாஸ்டலில் சேர்ப்பதா, தண்டையார்பேட்டையிலேயே வைத்துப் படிக்கவைப்பதா என்று வீட்டில் இரண்டு மாதமாகப் பேச்சு நடக்கிறது. நான் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஒரு மலைப் பள்ளியின் ஆண்கள் விடுதியில் இருந்தவன். என் தம்பி கடைசி இரண்டு வகுப்புகளை நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் முடித்தவன். கட்டணத்தையும் தேர்ச்சி விகிதத்தையும் எல்லோரும் ஒப்பிடுகிறார்கள் என்பதால், மாலை நான்கு மணிக்கு மணியடித்தது முதல் மறுநாள் காலை ஆறு மணி வரை பையன் யாரோடு, எப்படி இருக்கிறான் என்ற ஒன்றை மட்டும் வைத்து நான் பார்க்கிறேன். விடுதி வாழ்க்கை என்பது அந்தப் பதினான்கு மணி நேரம்தான்.

லவ்டேலில் 1858இல் தொடங்கிய லாரன்ஸ், ஏற்காட்டில் 1917இல் தொடங்கிய மான்ஃபோர்ட் போன்ற பழைய உறைவிடப் பள்ளிகள் வழியாக 'ஹவுஸ்' முறை நம் பக்கத்தில் பரவியது. நான் படித்தது இவ்விரண்டும் அல்ல. ஆனால் எங்கள் பள்ளியிலும் அதே முறைதான். ஆறாம் வகுப்புப் பையனும் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணனும் ஒரே கட்டடத்தில் இருப்பார்கள். ஹவுஸ் மாஸ்டர் குடும்பத்தோடு அதை ஒட்டிய வீட்டில் குடியிருப்பார். நான்கு மணிக்கு டீயும் பன்னும், பிறகு கட்டாய விளையாட்டு, குளியல், ஆறரைக்கு ப்ரெப் என்ற படிப்பு நேரம், எட்டு மணிக்குச் சாப்பாடு, சிறியவர்களுக்கு ஒன்பது மணிக்கு விளக்கணைப்பு.

"ராத்திரி பயமா இருந்தா யாரை எழுப்புவீங்க மாமா?" என்று அக்கா மகன் கேட்டான். விடுதிகளைப் பற்றி இதைவிட நல்ல கேள்வியைப் பெரியவர்கள் யாரும் என்னிடம் கேட்டதில்லை. எங்களுக்கு ஒரு மேட்ரன் அம்மா இருந்தார். படுக்கையை நனைக்கும் பையன்கள் யார் யார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். பதினொரு மணிக்கு அவர்களைச் சத்தமில்லாமல் எழுப்பிக் கழிவறைக்கு அழைத்துச் செல்வார், அதையும் மீறி நனைந்த விரிப்பு மற்றவர்கள் விழிப்பதற்குள் மாறியிருக்கும். முதல் ஆண்டில் நானும் அந்தப் பையன்களில் ஒருவன். அந்த ஒருவர் இல்லாதிருந்தால் தீபாவளி விடுமுறைக்கு வந்தவன் திரும்பிப் போயிருக்கமாட்டேன்.

அதே ஹவுஸில்தான் சீனியர்களின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டேன், காலுறை துவைத்தேன், மறுத்த இரவுகளில் வராந்தாவில் முட்டி போட்டேன். பெரியவனும் சிறியவனும் ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் இந்த முறையின் பலமும் ஆபத்தும். டை கட்டவும் கணக்குப் போடவும் கற்றுக்கொடுத்த அண்ணனும், அடித்த அண்ணனும் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருந்தார்கள். விளக்கணைத்த பிறகு சுற்றிவந்த ஹவுஸ் மாஸ்டர் இருந்த ஆண்டுகளில் ஷூ பாலிஷ் நின்றது. வராதவர் பொறுப்பேற்றதும் மீண்டும் தொடங்கியது.

நாமக்கல், ராசிபுரம் பக்கத்துப் பள்ளிகளின் கதை வேறு. தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வைத் தமிழக அரசு நீக்கிய பிறகு, பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாவற்றையும் தீர்மானித்த காலத்தில் அவை பெருகின. 2017க்குப் பிறகு பலவற்றில் நீட் பயிற்சியும் சேர்ந்துகொண்டது. தம்பியின் ஹாஸ்டலில் காலை நான்கரைக்கு எழுப்பி, இரவு பத்தரை வரை ஸ்டடி ஹாலில் உட்காரவைப்பார்கள். மைதானம் இருந்தது, ஆனால் அதில் கால் வைத்ததாக அவனுக்கு நினைவில்லை. எல்லோரும் ஒரே வயது என்பதால் சீனியர் தொல்லை அறவே கிடையாது, இது சிறிய நன்மையல்ல. ஆனால் முந்நூறு பேருக்கு இரண்டு வார்டன்கள். அவனுக்கு நான்கு நாள் காய்ச்சல் அடித்தது யாருக்கும் தெரியவில்லை. அப்படியும் அந்த இரண்டு ஆண்டுகளை அவன் நன்றியோடுதான் சொல்கிறான். ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர், ஓயாத டிவி. அவனுக்கென்று ஒரு மேசையும் விளக்கும் முதன்முதலில் கிடைத்தது அங்கேதான். பதினாறு வயதில், எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போனவனுக்கு அது பொருந்தியது. பத்து வயதுப் பையனை அந்த ஹாலில் உட்காரவைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. இத்தகைய பள்ளிகள் பலவற்றில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டையே நடத்தினார்கள். அதைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சில் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது; 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அது போய்விட்டது. ஆகவே பதினொன்றாம் வகுப்பில் எந்தப் புத்தகத்தை நடத்துகிறீர்கள் என்று பெற்றோர் மறுபடியும் கேட்டாக வேண்டும்.

உடுமலைப்பேட்டை அருகே அமராவதி நகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளியை அக்காவின் கணவர், என் மாமா, சொன்னார். ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் அகில இந்திய நுழைவுத்தேர்வு உண்டு. படைக்குப் போகும் ஆசை பையனுக்கு இருந்தால் அதற்கு ஈடு இல்லை. இவனுக்கு அந்த ஆசை இல்லை.

கடைசியாக வீடு. அக்கா வேலை முடிந்து வர ஏழு மணி, மாமாவுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட். நான்கிலிருந்து ஏழு வரை பூட்டிய வீடு, வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள். ஹாஸ்டல் பேச்சு தொடங்கியதே அந்த மூன்று மணி நேரத்தால்தான். ஆனால் அதை நிரப்ப வட சென்னையில் வழி இருக்கிறது. வியாசர்பாடியில் கால்பந்து இருக்கிறது, தெருவுக்குத் தெரு கேரம் பலகை இருக்கிறது. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். லட்சக் கணக்கில் கொடுத்து மலையில் வாங்குகிற மாலை விளையாட்டு இங்கே நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கிறது. இரவில் பயந்தால் எழுப்ப அம்மாவும் பக்கத்தில் இருக்கிறாள்.

எட்டாம் வகுப்பு வரை வீட்டில் இருக்கட்டும், அதுவரை அந்த மூன்று மணி நேரத்தில் இரண்டை கேரம் கிளப்பும் ஒன்றை எங்கள் அம்மாவும் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அக்காவுக்கு இன்னும் மலைப் பள்ளி மீது மனம் இருப்பதால் ஒன்றைப் போய்ப் பார்க்கிறார்கள். அட்மிஷனுக்கென்று அலங்கரித்துவைக்கும் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து, ஒரு வேலைநாள் மாலை ஆறு மணிக்குப் போகச் சொன்னேன். சிறுவர் விடுதிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வார்டன் எந்த அறையில் தூங்குகிறார் என்று பார்க்க வேண்டும். உடம்பு சரியில்லாத பையன்களின் பெயர்களை அவர் காகிதத்தைப் பாராமல் சொல்கிறாரா என்று கவனிக்க வேண்டும். பையனையும் கூட அழைத்துப் போகிறார்கள்; அவனுடைய கேள்வியை அவனே கேட்பான்.