டிக் உள்ளவர்களுக்கு செர்ட்ராலின்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிவது

டூரெட் (தன்னையறியாமல் உடல் வெட்டுவதும் சத்தம் எழுவதுமான ‘டிக்’ நீடிக்கும் நரம்பியல் கோளாறு) இருக்கும் பையனுக்கு, எஸ்எஸ்ஆர்ஐ என்ற மனச்சோர்வு மாத்திரை வகையைச் சேர்ந்த செர்ட்ராலின் எழுதியிருக்கிறார்கள், டிக் கூடுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கான பதில்தான் இது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிக்கோடு ஒட்டிக்கொண்டு வரும் ஓசிடிக்கும் (விடாமல் துரத்தும் எண்ணங்களும் திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டும் செயல்களும்) மனச்சோர்வுக்கும் இந்த வகை மாத்திரைகள் உண்மையிலேயே உதவுகின்றன. ஓசிடிக்குப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் பொறுக்க வேண்டும். டிக்கை இவை குறைப்பதில்லை. பெரும்பாலானோருக்குக் கூட்டுவதும் இல்லை. சிலருக்குக் கூடியதாகப் பதிவுகள் உண்டு, அவ்வளவே.

எரிச்சல் எங்கே என்றால், கூடியது மாத்திரையாலா என்று கண்டுபிடிப்பதில். டிக் தானாகவே வாரக்கணக்கில் ஏறும், இறங்கும். நிலைமை மோசமாக இருக்கும்போதுதான் டோஸையும் ஏற்றுகிறோம், பழி மாத்திரை மேல் விழுகிறது. ஆரம்பிக்கும் முன்பே இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். தூக்கம், பரீட்சை, சளி எல்லாவற்றையும் பக்கத்தில் குறியுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு மருந்தை மாற்ற விடாதீர்கள்.

அதைவிடப் பெரிய குழப்பம் அகத்தீசியா என்ற மருந்துப் பக்கவிளைவு. டிக் வருமுன் தொண்டையிலோ தோளிலோ ஓர் இடத்தில் உறுத்தல் எழும். செய்து முடித்தால் அடங்கும். கொஞ்ச நேரம் அடக்கியும் வைக்கலாம். அகத்தீசியா அப்படி இல்லை. உடம்பு முழுக்க, குறிப்பாகக் கால்களில், உட்கார விடாத தவிப்பு. மாத்திரை தொடங்கிய அல்லது டோஸ் ஏற்றிய சில நாட்களில் வரும். இதை டிக் என்று நினைத்து, டிக்கைக் குறைக்கத் தரும் ரிஸ்பெரிடோனைக் கூட்டினால் தவிப்பு இன்னும் மோசமாகும், ஏனென்றால் அதுவும் அகத்தீசியா தரும் மருந்துதான். தற்கொலை எண்ணம் வரைகூட இது கொண்டுபோகும். அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். இதை முதல் நாளே குடும்பத்துக்கு விளக்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுப்பது எனக்கு ஆறவே ஆறாத கோபம்.

செர்ட்ராலினின் அதே வகையைச் சேர்ந்த ஃப்ளுவாக்ஸெட்டின் என்றால் இன்னொரு கணக்கு. கல்லீரலில் சிஒய்பி2டி6 என்ற நொதியை அது தடுப்பதால் டிக்குக்குத் தரும் ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் இரண்டின் அளவும் ரத்தத்தில் ஏறும். அரிபிப்ரசோலைப் பாதியாகக் குறைப்பது வழக்கம். நிறுத்திய பிறகும் இந்தத் தடுப்பு பல வாரம் நீடிக்கும். டிக்குக்கான இன்னொரு மருந்தான பிமோசைடு எடுப்பவர்களுக்கு ஃப்ளுவாக்ஸெட்டினும் கூடாது, செர்ட்ராலினும் கூடாது. இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து உண்டு. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைத் தூண்டும் மனச்சோர்வு மாத்திரையான புப்ரோபியானில் டிக் கூடிய பதிவுகள் இருப்பதால் அதற்குத் தனி எச்சரிக்கை. எதையும் திடீரென்று நிறுத்தாதீர்கள். தலைசுற்றலும் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வரும்.

டிக் மட்டும்தான் தொந்தரவு என்றால் இந்த மாத்திரை வேண்டாம். டிக்கைச் சமாளிக்கப் பழக்கும் சிபிஐடி பயிற்சி, குவான்ஃபசின், குளோனிடின் மருந்துகள் பற்றிக் கேளுங்கள். ஓசிடி வாட்டுகிறது என்றால் தைரியமாகத் தொடங்கலாம். ஆனாலும் முதல் சில வாரம் கூடவே இருந்து கவனிக்க ஆள் இல்லாத வீட்டுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.