25 பேர் வரும் வீட்டு விசேஷம்: இலைச் சாப்பாடா, கலந்த சாதமா, சொதியா, டிபனா?

மண்டபம் பிடிக்கும் அளவுக்குப் பெரிய கூட்டமில்லை, அன்றாடம் சமைக்கிற சமையலறையில் சட்டென்று முடிக்கிற கூட்டமும் இல்லை. காதுகுத்து, வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம், பெண் பார்த்து முடிவானதும் உறவுக்காரர்களை அழைத்துப் போடும் ஒரு வேளைச் சாப்பாடு எல்லாம் இந்த நடுத்தர வகை. வெளியில் ஆர்டர் கொடுக்கலாமா என்ற பேச்சு முடிந்து, வீட்டில்தான் சமையல் என்று தீர்மானமான பிறகு அடுத்த கேள்வி வருகிறது: எந்த மாதிரி விருந்து?

ஒப்பிடுவதற்கு வசதியாக 25 பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பர்னர் அடுப்பு, இரவல் வாங்கிய இன்னொரு அடுப்பு, 5 லிட்டர் குக்கர் ஒன்று, 10 லிட்டர் குக்கர் ஒன்று. சமைக்க மூன்று பேர். அதில் ஒருவருக்குக் காய் நறுக்க மட்டும்தான் தெரியும். கூடத்தில் ஒரு பந்திக்கு எட்டு, பத்து பேர் உட்காரலாம்.

எது ருசி என்று ஆரம்பித்தால் அது முடியாத வழக்கு. நான் பார்ப்பது இரண்டு விஷயம். சாப்பிட உட்காருவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் அடுப்பங்கரையில் என்ன நடக்கும்? பரிமாற எத்தனை கை வேண்டும்? எத்தனை பேர் வருகிறார்கள் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள், எத்தனை பேர் வாளி தூக்குவார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை.

முழு இலைச் சாப்பாடு

தலைவாழை இலை, நுனி இடது கைப்பக்கம், ஓரத்தில் உப்பும் ஊறுகாயும். அப்புறம் பச்சடி, பொரியல், கூட்டு, அவியல், வடை, அப்பளம், இனிப்பு. சாதத்துக்குப் பருப்பு, நெய், சாம்பார், வத்தக்குழம்பு அல்லது மோர்க்குழம்பு, ரசம், பாயசம், மோர். இதற்கு ஈடாக வேறெதுவும் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெரியவர்கள் ஆசீர்வாதம் பண்ண வந்திருக்கும் நாளில் இலை போடாமல் விட்டால், வருஷக்கணக்கில் பேச்சு வரும்.

சமைப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. 25 பேருக்கு 3 கிலோ அரிசி தாராளம். பருப்புக்கும் சாம்பாருக்கும் சேர்த்து ஒரு கிலோ துவரம்பருப்பு போதும். பாதி வேலையை முந்தின நாளே முடித்துவிடலாம். சாம்பாருக்கும் ரசத்துக்கும் வறுத்து அரைத்து வைப்பது, தயிர் உறை குத்துவது, பீன்ஸ், கேரட், பூசணி நறுக்குவது, தேங்காய் உடைத்து வைப்பது எல்லாம் அதில் சேரும். வாழைக்காயும் கத்தரிக்காயும் மட்டும் காலையில்தான். முன்னாலேயே நறுக்கினால் கறுத்துப்போகும்.

சிக்கல் மிச்சப் பாதியில் இருக்கிறது. வடை, அப்பளம், ரசம், சூடான சாதம் நான்கும் கடைசி நேரத்துச் சரக்கு. பந்தியில் ஆட்கள் உட்கார்ந்த பிறகும் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும். பாயசத்தைக் காலையிலேயே வைத்துவிடலாம், ஆனால் அதிலும் இரண்டு கண்டிஷன். சேமியா நேரம் ஆக ஆக இறுகும், அதனால் காய்ச்சின பால் கொஞ்சம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். வெல்லப் பாயசத்தில் கொதிக்கும்போது பால் ஊற்றினால் திரிந்துவிடும். தேங்காய்ப் பால் என்றால் அடுப்பை அணைத்த பிறகு.

அதைவிடப் பெரிய சிக்கல் பரிமாறுவது. பத்து இலைக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒருவர் சாதம், ஒருவர் குழம்பும் ரசமும், இன்னொருவர் காய்களுக்கும் “இன்னும் கொஞ்சம்” கேட்பவர்களுக்கும். 25 பேர் என்றால் மூன்று பந்தி. ஒரு பந்திக்கு இலை எடுத்துத் துடைத்து அடுத்த இலை போடுவது வரை சேர்த்து 40 நிமிஷம். ஆக முதல் பந்தி உட்கார்ந்ததிலிருந்து கடைசிப் பந்தி எழுந்திருக்கும்வரை இரண்டு மணி நேரம் ஓடிவிடும். அந்தக் கடைசிப் பந்தியில் உட்காருவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. காலை நாலு மணிக்கு எழுந்தவர்களுக்கு ஆறிய கூட்டும் அடி ரசமும் மிஞ்சும், வடை தீர்ந்திருக்கும். வீட்டு ஆண்களும் கல்லூரிப் பிள்ளைகளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளி தூக்க வருவார்கள் என்றால் இலைச் சாப்பாட்டைத் தாராளமாகச் செய்யலாம். அந்தக் கைகள் இல்லாத வீட்டில் எனக்கு இதில் சம்மதமில்லை.

கலந்த சாதம்

ஆடிப்பெருக்கு அன்று ஆற்றங்கரைக்கும் காணும் பொங்கலுக்கு வெளியிலும் எடுத்துப் போகிற சாப்பாடு. வளைகாப்புக்கு இதுதான் சம்பிரதாயம். புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், சர்க்கரைப் பொங்கல், தயிர் சாதம் என்று ஐந்தாகப் போடுகிறவர்கள் உண்டு, மூன்றோடு நிறுத்துகிறவர்களும் உண்டு. 25 பேருக்கு மூன்றும் ஒரு இனிப்பும் போதும் என்பது என் கட்சி. ஐந்து வைத்தால் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி மிஞ்சும், அதை யாரும் சாப்பிட மாட்டார்கள்.

மேலே சொன்ன இரண்டு கேள்விக்கும் இது முதல் மார்க் வாங்கும். புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்னாலேயே நல்லெண்ணெய் பிரிந்து வரும்வரை காய்ச்சி வைத்துவிடலாம். ஒரு கிலோ அரிசிக்கு 100 முதல் 150 கிராம் வரை பழைய புளி, இறக்கும்போது வறுத்துப் பொடித்த வெந்தயமும் எள்ளும். விசேஷத்தன்று காலையில் சாதத்தை உதிரியாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, எண்ணெய் விட்டு ஆறவைத்துக் கலந்தால் போதும். இதற்குக் காத்திருப்பது கெடுதல் இல்லை. ஊற ஊறத்தான் ருசி. எலுமிச்சை சாதமும் அப்படித்தான். சாற்றை அடுப்பில் கொதிக்கவிடாமல், தாளிப்பை இறக்கிய பிறகு ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும்.

பரிமாற ஒரு ஆள் போதும். பாக்குமட்டைத் தட்டில் அவரவரே போட்டுக்கொண்டு, நாற்காலியிலோ திண்ணையிலோ மாடிப்படியிலோ உட்கார்ந்து சாப்பிடலாம். பந்தி என்ற பேச்சே இல்லை. சமைத்தவர்களும் கூடவே உட்காரலாம், இது எனக்குப் பெரிய விஷயம்.

குறை இல்லாமல் இல்லை. தேங்காய் சாதம் வெயில் நாளில் சீக்கிரம் கெடும், அதை மட்டும் கடைசியாகக் கலக்க வேண்டும். தயிர் சாதத்தில் தயிரை அள்ளிப் போட்டால் மதியத்துக்குள் புளித்துவிடும். குழைந்த சாதத்தில் ஆறின பாலை நிறைய விட்டு, தயிர் கொஞ்சமாகச் சேர்த்தால் சாப்பிடும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். எந்தச் சாதத்தையும் சூட்டோடு தூக்கில் அடைத்து மூடக் கூடாது. வியர்த்துவிட்ட சாதம் ஊசிப்போக அதிக நேரம் ஆகாது.

இன்னொரு குறைக்குச் சமையலில் மருந்து இல்லை. “குழம்பு இல்லையா?” என்று கேட்கிற தாத்தா எல்லா வீட்டிலும் உண்டு. காய்கறியும் குறைவு. உருளைக்கிழங்கு வறுவல், வடாம், மசால் வடை என்று எல்லாமே எண்ணெய்ப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஒரு பெரிய பாத்திரம் வெள்ளரிக்காய்க் கோசுமல்லி வைத்தால் கொஞ்சம் சமன் ஆகும். சர்க்கரை வியாதிக்காரர்கள் நிறைய வருகிற கூட்டம் என்றால் நான் இந்தப் பக்கம் போக மாட்டேன், முழுக்க முழுக்க அரிசி.

சொதி

இந்தப் பட்டியலில் சொதி எதற்கு என்று திருநெல்வேலிக்காரர்கள் கேட்க மாட்டார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளைக்கு அங்கே போடுகிற விருந்து சொதிதான். தேங்காய்ப் பாலில் வேகும் குழம்பு. முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி, வேகவைத்த பாசிப்பருப்பு, காரத்துக்கு இஞ்சியும் பச்சை மிளகாயும். புளி கிடையாது, கடைசியில் எலுமிச்சைச் சாறு. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் அப்பளமும்.

எனக்கு இது பிடித்த காரணம் கணக்குதான். இலையும் உண்டு, விருந்து என்ற மரியாதையும் உண்டு, ஆனால் சாம்பார், கூட்டு, அவியல் மூன்றின் வேலையையும் ஒரே பாத்திரம் செய்துவிடுகிறது. காய் அதிலேயே இருக்கிறது. சாதம், சொதி, வறுவல், பச்சடி, மோர் என்று ஐந்தே தடவை இலைப் பக்கம் வந்தால் போதும். இரண்டு பேர் பரிமாறிவிடலாம். இஞ்சிப் பச்சடியைப் புளியும் வெல்லமும் சேர்த்து முந்தின நாளே கிளறி வைக்கலாம். அது வெறும் ருசிக்காக மட்டும் இலையில் உட்காரவில்லை. அவ்வளவு தேங்காய்ப் பாலுக்குப் பிறகு வயிற்றுக்கு இஞ்சி தேவைப்படும்.

உழைப்பு முழுவதும் தேங்காயில். நாலு பேருக்கு ஒரு தேங்காய் என்றால் ஆறேழு தேங்காயைத் துருவி, அரைத்து, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிய வேண்டும். மூன்றாம் பாலில் காய் வேகும், இரண்டாம் பாலில் கொதிக்கும், முதல் பால் இறக்குவதற்கு முன்னால். அது கொதித்தால் திரிந்துபோகும், சரிசெய்ய வழியில்லை. எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பிறகுதான். அதனால் இரண்டாம் பால் வரை காலையில் முடித்துவிட்டு, பந்திக்கு அரை மணி முன்னால் முதல் பாலை ஊற்றுவது உத்தமம். அந்த அரை மணி நேரமும் பாத்திரத்தை விட்டு நகராத ஒரு ஆள் வேண்டும். மூன்று பந்தி நடக்கிற கூட்டத்தில் மீண்டும் மீண்டும் சூடு பண்ணுவதும் ஆகாது. இரண்டே பந்தியில் முடியுமென்றால் நான் சொதிக்கு ஓட்டுப் போடுவேன்.

டிபன்

கிரகப்பிரவேசம் விடிகாலையில் முடிந்துவிடும், நிச்சயதார்த்தம் பல வீடுகளில் சாயங்காலம். இந்த இரண்டுக்கும் டிபன் போதும். டிபன் என்றவுடன் தோசைக்குப் போகிறவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். ஆளுக்கு மூன்று தோசை என்றால் 75 தோசை. ஒன்றுக்கு மூன்று நிமிஷம், இரண்டு கல் போட்டாலும் இரண்டு மணி நேரம் ஆகும். பூரியும் இதே கதிதான். இட்லி பரவாயில்லை, ஒரு ஈட்டுக்கு 16 என்றால் ஏழு ஈட்டில் நூறைத் தாண்டிவிடலாம், ஹாட்பேக்கில் சூடும் நிற்கும்.

வெண்பொங்கல் இன்னும் சுலபம். நேரம் ஆனால் கெட்டியாகும் என்பது மட்டும்தான், வெந்நீர் விட்டுக் கிளறினால் பழைய பதத்துக்கு வந்துவிடும். கூடவே சின்ன வெங்காய சாம்பார், ரவா கேசரி, மெதுவடை. தேங்காய்ச் சட்னியை மட்டும் சாப்பிடும் நேரத்துக்கு அரைக்க வேண்டும்.

மதிய விசேஷத்துக்கு டிபன் போட்டால் வந்தவர்கள் வீட்டுக்குப் போய் சாதம் வடிப்பார்கள்.

இலை போட்டே ஆக வேண்டும் என்றால்

பரிமாற ஆள் இல்லை, ஆனால் மாமியாரோ பெரியப்பாவோ தலைவாழை இலையிலிருந்து இறங்கி வரமாட்டார்கள் என்றால், பட்டியலில் கை வைக்க வேண்டியதுதான். முதலில் நான் எடுப்பது சாம்பாரை. பருப்பு நெய்யோடு வந்துவிடுகிறது, அதன் பின்னால் மோர்க்குழம்பு போதும். அரைத்த தேங்காயும் புளித்த மோரும் ஒரு கொதி வருவதற்குள் இறக்குகிற குழம்பு, கடைசி நேரத்தில் அடுப்பைப் பிடித்து வைக்காது. அவியல் இருந்தால் கூட்டு வேண்டாம். பொரியல் ஒன்று, அதுவும் பீன்ஸோ கோஸோ. சாதம் குறைந்தால் பதற வேண்டாம். காலையில் கலந்து வைத்த புளியோதரை ஒரு தூக்கு இருந்தால் கடைசிப் பந்தி தப்பித்துவிடும்.

வெளியில் ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இனிப்பை வாங்குங்கள். கடையில் வாங்கிய லட்டும் மைசூர்பாகும் இலையில் வித்தியாசம் காட்டாது. ஆறிப்போய் வரும் கடை வடை காட்டிக்கொடுத்துவிடும்.