வெளி ஹார்ட் டிஸ்க் பேக்கப்பில் அனுமதிப் பிழை: எந்தப் பக்கம் மறுக்கிறது?

மட்டக்களப்புப் பக்கத்து வடமோடி, தென்மோடிக் கூத்துப் பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். களரியில் விடிய விடிய ஆடும் கூத்து என்பதால் ஒரு அரங்கேற்றமே பெரிய பெரிய வீடியோக் கோப்புகளாக வந்து நிற்கும். அதில் பாடிய அண்ணாவிமார் சிலர் இப்போது இல்லை. 1978 சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்ட ஊரில் ஒரே பிரதியை நம்பியிருக்க மனம் வராது. லினக்ஸ் மின்ட் இயங்குதளம் போட்ட லாப்டொப்பிலிருந்து, கோப்புகளைக் கொப்பி எடுக்கும் ஆர்சிங்க் என்ற கட்டளை வழியாக இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகளுக்குப் பல வருடங்களாக பேக்கப் எடுத்து வருகிறேன்.

டிஸ்க்குகள் நன்றாகவே உழைக்கின்றன. அதிகம் மினக்கெட வைத்தது 'பெர்மிஷன் டினைட்' (அனுமதி மறுக்கப்பட்டது) என்ற வரிதான். அது வந்ததும் சூடோ போடு (நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டு), 777 கொடு (எல்லாருக்கும் எல்லா அனுமதியும் திற) என்று சொல்வார்கள். நான் அதைச் செய்ய மாட்டேன். முதலில் மறுப்பது வாசிக்கும் பக்கமா, எழுதும் பக்கமா என்று பார்ப்பேன்.

ஒருமுறை மருமகன் பேக்கப் எடுத்துவிட்டு, "மாமா, எல்லாம் கொப்பியாகிட்டு. மறுகா கடைசியில ஏதோ 23 எண்டு காட்டுது" என்றான். 23 என்றால் சில கோப்புகளோ அவற்றின் விபரங்களோ போய்ச் சேரவில்லை என்று ஆர்சிங்க் சொல்கிறது. மேலே உருட்டிப் பார்த்தால் மத்தள ஒலிப்பதிவு போல்டருக்கு நேராக 'ஃபெயில்ட் டு ஓப்பன்' (திறக்க முடியவில்லை) என்ற வரிகள், அதாவது வாசிக்கும் பக்கம் மறுக்கிறது. பழைய கணினியிலிருந்து சூடோ கொண்டு எடுத்த கோப்புகள் அவை. உரிமை ரூட் என்ற நிர்வாகிக் கணக்கிடம், மற்றவர் வாசிக்க வழியில்லை. அப்படியே விட்டிருந்தால் பேக்கப்பில் மத்தளமே இருந்திருக்காது. அந்த ஒரு போல்டரின் உரிமையை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்ப ஓடவிட்டோம், சரிவந்தது.

'எம்கேடிர் ஃபெயில்ட்' (போல்டர் உருவாக்க முடியவில்லை) என்று வந்தால் எழுதும் பக்கம் மறுக்கிறது. புதிதாக லினக்ஸின் கோப்பு முறையான இஎக்ஸ்டி4 ஆக ஃபோர்மட் செய்த டிஸ்க்கின் மேல்மட்டம் பெரும்பாலும் ரூட்டின் பெயரில்தான் இருக்கும். அதை ஒருமுறை உங்கள் பெயருக்கு மாற்றினால் போதும். இன்னொன்று, இஎக்ஸ்டி4 உங்கள் பெயரை எழுதி வைப்பதில்லை, எண்ணைத்தான் எழுதுகிறது. மின்ட்டிலும் உபுண்டுவிலும் முதல் பயனர் 1000, அடுத்தவர் 1001. ஒரு கணினியில் 1000 ஆக இருந்து எழுதிய டிஸ்க்கை வேறொன்றில் 1001 ஆகத் திறந்தால், நம்முடைய டிஸ்க்கே நம்மை அந்நியராகப் பார்க்கும்.

மூன்றாவது வகை 'சோன் ஃபெயில்ட்', 'சிஎச்ஜிஆர்பி ஃபெயில்ட்' (உரிமையாளரை, குழுவை மாற்ற முடியவில்லை). இது விண்டோஸிலும் லினக்ஸிலும் திறக்கும் எக்ஸ்ஃபாட் என்ற கோப்பு முறை போட்ட டிஸ்க்கில் வரும். எக்ஸ்ஃபாட்டில் உரிமையாளர் விபரத்தை எழுதவே இடமில்லை, சூடோவாலும் எழுத முடியாது. கோப்பு போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் இந்த வரிகள் நூற்றுக்கணக்கில் கொட்டும்போது நடுவில் வரும் உண்மையான பிழை கண்ணில் படாது, எனக்கு அதுதான் பயம். அந்த டிஸ்க்குக்கு ஆர்சிங்கில் '-ஏ' (உரிமை உட்பட எல்லா விபரமும்) போடாமல் '-ஆர்டி' போடுகிறேன். உரிமையை விட்டுவிட்டு கோப்பையும் நேரத்தையும் மட்டும் கொண்டுபோகும்.

எக்ஸ்ஃபாட் டிஸ்க் வைத்திருப்பதே பிறருக்குக் கொடுக்கத்தான். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிற பிள்ளைகள் பதிவு கேட்டு வந்தால், எந்தக் கணினியென்றாலும் அது திறக்கும். பழைய முறையான ஃபாட்32 சரிவராது, 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது. விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் போட்ட டிஸ்க் கொண்டுவருபவர்களும் உண்டு. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (கணினியை முழுதாக மூடாமல் விடும் வசதி) இயங்கும் நிலையில் மூடிவிட்டுக் கழற்றிய டிஸ்க் என்றால், லினக்ஸ் அதை வாசிக்க மட்டும் திறக்கக்கூடும். அதுவும் அனுமதிப் பிழைபோலத்தான் தெரியும், ஆனால் உரிமையை மாற்றிப் பயனில்லை. அதே விண்டோஸ் கணினியில் திரும்பச் செருகி, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி முழுதாக மூடிவிட்டுக் கொண்டுவரச் சொல்வேன்.

ஒவ்வொரு பேக்கப்புக்குப் பிறகும் அதே ஆர்சிங்க் கட்டளையோடு '-என்சிவி' சேர்த்து ஒரு வெள்ளோட்டம் விடுகிறேன். எதையும் எழுதாமல் இரு பக்கத்தையும் ஒப்பிட்டு, வேறுபடும் கோப்புகளைக் காட்டும். நேரம் எடுக்கும், இரவில் விட்டுவிட்டுப் படுக்கலாம்.

இத்தனை காலம் பாவித்ததில், காப்பகம் என்று நான் நம்புவது இஎக்ஸ்டி4 டிஸ்க்கைத்தான். எக்ஸ்ஃபாட்டில் ஜேர்னல் (செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) கிடையாது. மாரியில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ வயர் கழன்றாலோ அது அதிகம் பாதிக்கப்படும். அதனால் அந்த டிஸ்க்குக்கு லாப்டொப் பற்றரி நிறைந்திருக்கும்போது மட்டுமே எழுதுகிறேன்.