வடமேற்குக் கடல்வழியில் எங்கள் அலுமினியப் படகு: எது கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை

அட்லாண்டிக்கிலிருந்து வட அமெரிக்காவின் வடக்கே சுற்றிப் பசிபிக்குக்குப் போகும் பாதைதான் வடமேற்குக் கடல்வழி. கிரீன்லாந்தின் நூக்கில் தொடங்கி, கனடாவின் ஆர்க்டிக் தீவுகளுக்கு ஊடாக அலாஸ்காவின் நோம் வரை எங்கள் சொந்தப் பாய்மரப் படகில் போய்ச் சேர்ந்தோம். அதற்கு முன்பும் பல கோடைகள் இதே படகைக் கிரீன்லாந்துக் கரையோரம் ஓட்டியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: அங்கே படகின் பலத்தைவிட, ஓரிடத்தில் பொறுமையாகக் காத்துக் கிடக்க அது எவ்வளவு தோதானது என்பதுதான் முக்கியம்.

முதலில் கீல், அதாவது படகின் அடியில் நீருக்குள் நீண்டிருக்கும் தண்டு. எங்களுடையது மேலே தூக்கிக்கொள்ளும் வகை. ஆழமில்லாத குடாவுக்குள் ஒதுங்கிவிட்டால் பெரிய பனிப்பாளங்கள் வெளியிலேயே தரைதட்டி நின்றுவிடும். ஆழமில்லாத நீரில் போக முடிவதன் அருமை பழைய பயணங்களிலும் தெரியும். இந்த வழியைத் தேடி 1845இல் புறப்பட்ட பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஃபிராங்க்ளினின் இரண்டு பெரிய கப்பல்களும் கிங் வில்லியம் தீவுக்கு மேற்கே பனியில் இறுகிப்போயின. 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. 1903 முதல் 1906 வரை நார்வே நாட்டுப் பயணி ஆமுண்ட்சென் தன் சின்னஞ்சிறு ‘யோவா’வில் அதே தீவின் கிழக்குப் பக்கமாக, ஆழம் குறைந்த நீரிணைகள் வழியே போனார். அந்த வழியை வரைபடத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

அடுத்து ஹீட்டர். மின்சாரமே கேட்காமல் டீசல் சொட்டுச் சொட்டாக இறங்கி எரியும் அடுப்புதான் எங்களைக் காப்பாற்றியது. வெப்பக்காற்றை ஊதும் இன்னொரு ஹீட்டரும் இருந்தது. நங்கூரத்தில் நாள்கணக்கில் கிடக்கும்போது அது பேட்டரியைத் தின்று தீர்த்தது. குளிரைக்கூடத் தாங்கிவிடலாம், ஈரம்தான் ஆளைச் சாய்க்கும். மூச்சுக்காற்று அலுமினியத்தில் பட்டு நீராகிப் படுக்கையில் சொட்டும். நீர்மட்டத்துக்கு மேலே உள்சுவர் முழுக்க வெப்பக்காப்பு ஒட்டாமல் கிளம்பவே கூடாது.

காந்தத் துருவத்துக்குக் கிட்டே திசைகாட்டி தடுமாறும், அதை நம்பும் தானியங்கிச் சுக்கானும் கூடவே தடுமாறும். இரண்டு ஜிபிஎஸ் ஆன்டெனா வைத்துத் திசை சொல்லும் கருவியை வாங்கியது நல்ல முடிவு.

கனடியப் பனிச் சேவையின் வரைபடங்களை இரிடியம் என்ற செயற்கைக்கோள் தொலைபேசி வழியாக இறக்கிப் பார்ப்போம். அதில் கடற்பரப்பில் பத்தில் எத்தனை பங்கு பனி என்று குறித்திருக்கும். மூன்று பங்கு வரை போவோம், அதற்கு மேல் என்றால் நங்கூரம்தான். ஆனால் வரைபடம் கைக்கு வருவதற்குள் காற்று பனியை வேறெங்கோ தள்ளியிருக்கும். ஆகவே கொடிமரத்தில் ஏறிக் கண்ணால் பார்க்காமல் நகர்ந்ததில்லை.

இவ்வளவும் சோதனைக்கு வந்த இடம் பெல்லட் நீரிணை. குறுகலான அந்த வழியில் நீரோட்டம் எட்டு நாட் (மணிக்குச் சுமார் 15 கி.மீ.) வரை பாயும், பனியும் அதோடு சேர்ந்து ஓடிவரும். 2018இல் அதற்கு அருகே ஒரு பாய்மரப் படகைப் பனி நசுக்கி மூழ்கடித்தது. பனிப்பாளத்தில் ஏறி நின்ற இருவரை ஹெலிகாப்டர் மீட்டது. நாங்கள் கிழக்கு வாயிலில் ஃபோர்ட் ராஸ் அருகே காத்திருந்தோம். ஹட்சன்ஸ் பே கம்பெனி 1937இல் அமைத்து, 1948இல் கைவிட்ட வணிக நிலையம் அது. நீரோட்டம் அடங்கும் நேரம் பார்த்து, முன்பக்கம் இருவர் நீண்ட கழிகளோடு நிற்க, உள்ளே நுழைந்தோம். சின்னக் கட்டிகளைக் கழியால் விலக்கலாம். பெரிதைத் தள்ளினால் நகர்வது நம் படகுதான்.

பாய்கள் அதிகம் உழைக்கவில்லை. காற்று ஒன்று இருக்காது, இருந்தால் எதிரே அடிக்கும். ஊர்களுக்கு இடையே நூற்றுக்கணக்கான கடல் மைல்கள் என்பதால் டீசல் தொட்டியைத்தான் பெரிதாக்க வேண்டும். ஊதும் ஹீட்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கூடுதல் தொட்டி பொருத்திக்கொண்டிருக்கிறோம்.